கரண்ட்டு செஞ்ச பேசுற பெட்டி

என் தம்பிக்குக் கரண்ட்டுன்னு பட்டப்பேர் வச்சதே நான்தான். தொட்டா தூக்கி எறிவான். பள்ளிக்கூடத்துல வாத்தியார் கையில இருந்த பிரம்பைப் புடுங்கி ரெண்டா ஒடிச்சுட்டு வந்தவன். கேரம்ல தோத்தா போர்டையே ஜன்னல் வழியா வீசுவான். அடி வாங்கிட்டு அழுதுக்கிட்டே வீட்டுக்கு வர்ற பிள்ளைங்களைப் பாத்திருப்பீங்க. இவன் அடிச்சுட்டு அழுதுக்கிட்டே வருவான். நானும் சளைச்சவ இல்ல. எங்க அப்பா எங்க ரெண்டு பேரையும் பெல்ட்டால வெளுத்து வெளுத்துதான் வளர்த்தாரு. நான் பெரியவளாகிக் கறிக்கடை வச்சேன். காலையில கத்தியை எடுத்தா சாயங்காலம் வரைக்கும் வெட்டு வெட்டுன்னு வெட்டுவேன், கோபமும் தீரும், பொழப்பும் நடக்கும். அவன் பக்கத்துலயே டிவி ரிப்பேர் கடை போட்டான். அங்க வெட்டறதுக்கு என்ன இருக்கு? கோபத்தையெல்லாம் வீட்டுக்குத்தான் கொண்டு போனான்.

அவன் பொண்டாட்டி அதிர்ந்து பேசாத பொண்ணு. கல்யாணம் பண்ணி வந்த புதுசுல, "அக்கா, இவருக்குக் கோபம் வந்தா எவ்வளவு நேரம் இருக்கும்?"னு என்கிட்ட கேட்டா. ஏதோ ஜுரத்தைப் பத்திக் கேக்குற மாதிரி. "விட்டுடும்மா, தானா எறங்கும்"னு சொன்னேன்.

எறங்கல. ஒருநாள் நம்ம ஊர் டீம் ஒரு ஃபுட்பால் மேட்ச்சுல தோத்துப் போச்சு. அப்பல்லாம் முதுகு புடைச்ச பழைய டிவிதான். இவன் கத்துறான், செவத்தைக் குத்துறான். அவ, "போதும், அணைச்சிடறேன், நீங்க வெளியில போய் நடந்துட்டு வாங்க"ன்னு டிவி பக்கத்துல குனிஞ்சு சுவிட்சை அமுக்கப் போயிருக்கா. இவன் இரும்பு முக்காலியைத் தூக்கி டிவி மேல ஒரே போடு போட்டான். அவ குனிஞ்சதைப் பாக்கவே இல்லியாம். டியூப் வெடிச்சுது. என் கடை வரைக்கும் கேட்டுச்சு அந்தச் சத்தம். நான் கத்தியோட ஓடினேன். அவ முகம் பூரா கண்ணாடி, கைய முகத்துக்குக் கொண்டு போக பயந்துக்கிட்டு ரெண்டு கையையும் காத்துல வச்சுக்கிட்டு நின்னா. ஒரு கண்ணு அன்னிக்கே போச்சு. நல்லா இருந்த இன்னொரு கண்ணும் அவ ஆஸ்பத்திரியில இருக்கும்போதே பழுதாயிடுச்சு.

ஆஸ்பத்திரி வராந்தாவுல வச்சு அவன் மூக்கை உடைச்சது நான்தான். கையால இல்ல, கால்ல இருந்த செருப்பைக் கழட்டி, அது பிஞ்சு போனதும் முட்டியால. அவன் தடுக்கவே இல்ல. போலீசுக்குச் சொல்றேன்னு ஒத்தக் கால்ல நின்னேன். ஆனா டாக்டர் கேட்டப்ப அந்தப் பொண்ணு, "டிவி வெடிச்சுது"ன்னு மட்டும் சொன்னா. எனக்கு வந்த கோபத்துக்கு அவளையும் ரெண்டு அறை விட்டிருப்பேன், தலையெல்லாம் கட்டு இருந்ததால தப்பிச்சா. "எதுக்குடி இவனைக் காப்பாத்துற?"ன்னு கேட்டேன். "காப்பாத்தலக்கா. நானே பாத்துக்கறேன்"னா.

வீட்டுக்கு வந்த அன்னிக்கு என்னை சாட்சிக்கு வச்சுக்கிட்டு அவன்கிட்ட சொன்னா: "மனுஷன் மேலயோ, பொருள் மேலயோ, இனிமே ஒருதரம் நீங்க கை ஓங்கினா, அன்னிக்கே நான் அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்ப வரமாட்டேன்." அவன் தலையை ஆட்டினான். அவளுக்குத்தான் கண்ணு தெரியாதே! "வாயைத் திறந்து சொல்லுடா தடியா"ன்னு நான் கத்தினதுக்கப்புறம்தான் "சரி"ன்னான்.

அந்த முக்காலியை நான் பழைய இரும்புக்குப் போடறேன்னேன். அவ விடல. "இருக்கட்டும்க்கா, எனக்கு உக்கார வேணும்"னா. வீட்டுல மெத்தை வச்ச நாற்காலி இருக்கும்போது அந்த இரும்புலதான் உக்காருவா. துணி மடிக்கறதும் அதுல, ரேடியோ கேக்கறதும் அதுல. வீம்புன்னு நெனச்சேன். அவன் கண்ணுல படணும்னே பண்றா, பண்ணட்டும், நல்லா வேணும் அவனுக்குன்னும் நெனச்சேன்.

ரேடியோ போய் இந்தச் சந்தா கட்டிப் பாக்குற டிவி வந்துச்சு. நாடகம், பாட்டு, மேட்ச்சு எல்லாம் அதுலதான். எங்க ஊர்ல பெருசா ஒரே ஒரு கம்பெனி. அவளுக்கு நாடகம்னா உயிரு, காதால கேட்டே அழுவா, சிரிப்பா, வில்லிய வாய்க்கு வந்தபடி திட்டுவா. ஆனா அந்தக் கம்பெனியோட டிவி ஆப்புல வரிசையா படம் படமா ஓடும், ஒரு வார்த்தை பேசாது. எது நாடகம், எது செய்தின்னு கண்ணு இருக்கறவனுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் இவன் கடையை விட்டு ஓடி வந்து போட்டுக் குடுக்கணும். "நான் என்ன சின்னப் பிள்ளையா? எனக்கு நானே போட்டுக்க முடியாதா?"ன்னு ஒருநாள் அவ கேட்டா. அன்னியிலிருந்து அவன் சரியா தூங்கல.

உலகத்துல யார் யாரோ கூலி வாங்காம எழுதி இலவசமா விடுற சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்காம், மீடியா சென்டர்னு பேரு. தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னப் பெட்டியில ஏத்தி டிவியில சொருகினா, எல்லாச் சந்தாவும் ஒரே பட்டியலா வந்து நிக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஆட்-ஆன்னு ஒரு ஒட்டுச் சாஃப்ட்வேர் சேர்க்கணும், அவ்வளவுதான். அதுல பேசற வசதியும் உண்டு. ரிமோட்ல கீழ அமுக்கினா, "நாடகம். நேற்றைய பகுதி"ன்னு ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். அதை நம்ம பாஷையில பேச வைக்க எத்தனை நாள் மல்லுக்கட்டினானோ! கடைசியில அது சரியா பேசினப்ப, அவ முக்காலியில உக்காந்துக்கிட்டு தானே அமுக்கி தானே தேடி தானே நாடகம் போட்டா. "நீங்க கடைக்குப் போங்க"ன்னு அவனைத் தொரத்தினா. அன்னிக்கு அவன் என் கடைக்கு வந்து, தொங்குற ஆட்டுக்குப் பின்னாடி நின்னு தேம்பித் தேம்பி அழுதான். வாங்க வந்தவங்க ஆட்டுக்கு அழறான்னு நெனச்சிருப்பாங்க.

ஊர்ல விஷயம் பரவிச்சு. கண்ணு மங்கின பெரியவங்க கேட்டாங்க, அப்புறம் கண்ணு நல்லா இருக்கறவனும் கேட்டான், ஒரே ரிமோட்டுல எல்லாம் வருதேன்னு. டிவி ரிப்பேர்காரன் பெட்டிக்காரன் ஆயிட்டான். சந்தாவை அவனவன்தான் கட்டுவான், இவன் ஓசியில எதையும் காட்டல. "காசு கட்டின வீட்டுக்குள்ள நான் வேற கதவு வழியா போறேன், அதுல என்னக்கா தப்பு?"ம்பான். கம்பெனிக்காரனுக்கு அது பிடிக்கல. என் கதவு வழியாத்தான் வரணும்னு பூட்டை மாத்துவான். பெட்டி நின்னு போகும். எங்கயோ இருக்கற அந்த இலவசக்காரங்க ரெண்டொரு நாள்ல வேற வழி கண்டுபிடிப்பாங்க. இவன் வீடு வீடா ஓடிச் சரி பண்ணுவான். திரும்பக் கம்பெனி பூட்டும். வருஷக்கணக்கா இதே இழுபறி. பூட்டின நாளெல்லாம் ஊரு இவனைத்தான் திட்டும். இவன் பல்லைக் கடிச்சுக்கிட்டு ரெண்டு கையையும் இடுப்பு பெல்ட்டுக்குள்ள சொருகிக்குவான். அது அவனா கண்டுபிடிச்ச வழி. கை உள்ள மாட்டியிருந்தா ஓங்க முடியாதில்ல?

கம்பெனிக்கு எங்க தெருவுல ஒரு ஏஜென்ட்டு இருந்தான். கம்பெனி பெட்டியை விக்கறவன். இவன் பெட்டியால அவன் பெட்டி போகல. ஒருநாள் நட்ட நடு மத்தியானம் கடை வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, "திருட்டுப் பெட்டி விக்கற நாயே!"ன்னு ஆரம்பிச்சான். கரண்ட்டு பெல்ட்டுக்குள்ள கையைச் சொருகினான். ஏஜென்ட்டு பளார்னு ஒரு அறை விட்டான். இவன் அசையல. இன்னொரு அறை. உதடு கிழிஞ்சு ரத்தம். "பொண்டாட்டி கண்ணைப் புடுங்கினவன் யோக்கியன் வேஷம் போடறதைப் பாரு"ன்னான் அந்த ஏஜென்ட்டு. தம்பியோட கழுத்து நரம்பு விரைக்கிறதை நான் என் கடையில இருந்தே பாத்தேன். ஓங்கிட்டான்னா குடும்பம் போச்சு. கையில என்ன இருக்குன்னு பாக்கல, எடுத்துக்கிட்டுப் போய் ஏஜென்ட்டு மண்டையில போட்டேன். பாத்தா ஒரு முழு ஆட்டுத் தொடை. அவன் சுருண்டு விழுந்தான். காது ஓரமா தோல் கிழிஞ்சு ரத்தம் வழிஞ்சுது, அது அவனோடதா ஆட்டோடதான்னு அவனுக்கே தெரியல, "செத்தேன் செத்தேன்"னு கத்திக்கிட்டே எழுந்து ஓடினான். தெரு சிரிச்சுது. நானும் சிரிச்சேன். ஆனா அன்னிக்கே அவன் மனசுல கறுவிட்டான்.

இப்ப என் தம்பி பண்ணின முட்டாள்தனத்தைச் சொல்றேன். ஒவ்வொரு பெட்டியும் கம்பெனிக்குப் போன் போடும்போது "நான் இன்ன டிவி"ன்னு தன் அடையாளத்தைச் சொல்லணுமாம். பெட்டிக்குப் பெட்டி வேற அடையாளம் போடணும்னு இலவசக்காரங்க கொட்டை எழுத்துல எழுதி வச்சிருக்காங்க. இவன் என்ன பண்ணினான்? பொண்டாட்டி பெட்டியில இருந்த மெமரி கார்டை அப்படியே நகல் எடுத்து ஊருக்கெல்லாம் போட்டான். "அவ பெட்டி ஒருதரம் கூட மக்கர் பண்ணினதில்லக்கா, ராசியான பெட்டி, அதையே போட்டா எல்லாருக்கும் நல்லா ஓடும்"னான். ராசியாம்! சாஃப்ட்வேர்ல ராசி பாத்த ஒரே ஆளு உலகத்துலயே இவனாத்தான் இருப்பான். ஆக, ஊர்ல ஓடுற அத்தனை பெட்டியும் கம்பெனிகிட்ட, "நான்தான் அந்த வீட்டு முக்காலிக்கு எதிர்ல இருக்கற டிவி"ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு.

பைனல் மேட்ச் அன்னிக்கு சாயங்காலம் வந்துச்சு வினை. நம்ம ஊர் டீம் ஆடுது. தெருவுல ஈ காக்கா இல்ல, எல்லாம் டிவி முன்னாடி. மூலையில இருக்கற சாராயக் கடைக்காரன் பெரிய திரை கட்டி, அதுலயும் இவன் பெட்டியைச் சொருகி, கூட்டம் பிதுங்கப் பிதுங்க ஏத்தி வச்சிருந்தான். ஊர் பூரா ஒரே நேரத்துல பாக்கறப்பதான் கம்பெனி கவனிச்சிருக்கு. ஒரே டிவி எப்படி இத்தனை வீட்டுல ஓடும்? அந்த ஒரு அடையாளத்தை வெட்டிச்சு. ஆட்டம் முடியப் போற நேரம், நம்ம ஆளு பந்தோட ஓடுறான், திரை கறுத்துப் போச்சு. எல்லா வீட்டுலயும். ஒரு நொடி ஊரே செத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் ஒரு கத்தல் கிளம்பிச்சு பாருங்க, இப்ப நெனச்சாலும் மயிர் கூச்செறியுது.

சாராயக் கடையில முதல்ல பாட்டில் உடைஞ்சுது. அப்புறம் நாற்காலி. ஏஜென்ட்டு அங்கதான் உக்காந்திருந்திருக்கான், மண்டையில என் அடியோட வடுவை வச்சுக்கிட்டு. "கரண்ட்டுதான் அணைச்சிருக்கான்! கூடக் காசு கேக்க அணைச்சிருக்கான்!"னு ஒரு வார்த்தை விட்டான். வேற என்ன வேணும்? கூட்டம் உடைஞ்ச நாற்காலிக் காலைத் தூக்கிக்கிட்டு எங்க தெருவுக்குள்ள திரும்பிச்சு.

கரண்ட்டு கடையில கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து என்ன ஆச்சுன்னு தேடிக்கிட்டு இருந்தான். சாராயக் கடைக்காரன் வந்து இவன் சட்டையைப் பிடிச்சுத் தூக்கி, முன்னாடி இருந்த கண்ணாடி ஷோகேஸ் மேல எறிஞ்சான். இவன் எழுந்திரிச்சு, கண்ணாடி குத்தின முதுகோட நின்னு, பெல்ட்டுக்குள்ள ரெண்டு கையையும் சொருகினான். "அடையாளம் ஒண்ணா போச்சு, என் தப்புதான், சரி பண்ணிடறேன்"னு சொல்லிக்கிட்டே இருந்தான். யாரு கேட்டா? நாற்காலிக் கால் தோள்ல விழுந்துச்சு. வாயில விழுந்துச்சு, முன்பல்லு ரெண்டும் தரையில தெறிச்சுது. கீழ விழுந்தவனை விலாவுல உதைச்சாங்க. தினமும் என் கடையில கறி வாங்கறவங்க! காது மடல் கிழிஞ்சு தொங்கினப்பவும் அவன் கை பெல்ட்டை விட்டு வரல. யாரோ ஒருத்தன், "ஏன்டா கையைத் தூக்க மாட்டேங்குற, பொட்டைப் பயலே!"ன்னு கேட்டு முகத்துலயே மிதிச்சான்.

கறி வெட்டுற பெரிய கத்தியோட நான் உள்ள பூந்தேன். முதல் வெட்டு மேஜையில, அது பாதி வரைக்கும் பொளந்துச்சு. ரெண்டாவதா கத்தியோட முதுகால சாராயக் கடைக்காரன் தோள்பட்டையில போட்டேன், எலும்பு ஒடிஞ்ச சத்தம் எனக்குத் தெரியாதா? தொழிலே அதானே. "அடுத்தது எவன்டா? கூர் பக்கம் திருப்பட்டுமா?"ன்னேன். ஏஜென்ட்டுதான் முதல்ல ஓடினான். மத்தவன்லாம் போதை தெளிஞ்ச மாதிரி ஒருத்தனை ஒருத்தன் பாத்துக்கிட்டு பின்வாங்கினான். கரண்ட்டு தரையில கிடந்து, வாயெல்லாம் ரத்தத்தோட, என்னைப் பாத்துச் சிரிச்சான். "அக்கா, பாத்தீல்ல? நான் ஓங்கல. அவகிட்ட சொல்லு, ஓங்கவே இல்ல"ன்னான். அவ்வளவு பெருமை அந்த மூஞ்சியில.

வீடு கடைக்குப் பின்னாடியேதான். தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன். சத்தம் கேட்டு அவ எழுந்து, செவத்தைத் தடவித் தடவி வாசப்படிக்கு வந்து நின்னுக்கிட்டிருந்தா. "அக்கா, யாருக்கு என்ன?"ன்னு நடுங்கினா. "ஒண்ணுமில்லம்மா, பல்லுதான் போச்சு. ஓங்கல. நானே சாட்சி"ன்னேன். அவ அவன் முகத்தைத் தடவினா, கை பூரா ரத்தம் ஒட்டிச்சு. கட்டிப்பிடிச்சுக்கிட்டு அழுதா. இத்தனை வருஷத்துல அவ அவனைத் தானா கட்டிப்பிடிச்சு நான் பாத்ததே இல்ல. சரி, பொழைச்சுட்டான் தம்பின்னு நெனச்சேன்.

"நீ உள்ள போய் உக்காருடா"ன்னுட்டு நான் கொல்லைக் குழாய்ல தண்ணி பிடிக்கப் போனேன். அவன் உள்ள போனான். அவ இன்னும் வாசல் பக்கம்தான் நின்னா, முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு. உள்ள அந்தப் பெட்டி பேசிக்கிட்டு இருந்துச்சு. திரையில என்ன வந்தாலும் படிக்கிறதுதானே அதோட வேலை? "இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை. சரி என்பதை அழுத்தவும். இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை. சரி என்பதை அழுத்தவும்." அவன் ராவும் பகலும் உக்காந்து நம்ம பாஷை கத்துக் குடுத்த அதே குரல். கோபமே இல்லாம, அன்பா, திரும்பத் திரும்ப அதையே சொல்லிச்சு.

நான் தண்ணியோட வந்து பாக்கறேன், அவன் டிவி முன்னாடி நிக்கிறான். ரெண்டு கையும் பெல்ட்டுல இல்ல. இரும்பு முக்காலி தலைக்கு மேல இருக்கு. அந்த நேரம் பாத்து அவளும் உள்ள வந்துட்டா, எப்பவும் போல அவ இடத்துக்கு, டிவிக்கு எதிர்ல. காலால முக்காலியைத் தேடினா. இல்ல. கையை நீட்டித் தடவினா. இல்ல. அப்படியே நின்னுட்டா.

"முக்காலிய எடுத்துட்டீங்களா?"ன்னு கேட்டா.

அவன்கிட்ட இருந்து மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு.

"நான் எங்க நிக்கிறேன்னு பாத்துக்கிட்டு அடிங்க"ன்னா.

இத்தனை வருஷம் அவ ஏன் அதுல உக்காந்திருந்தான்னு எனக்கு அப்பதான் உறைச்சுது. வீம்பு இல்ல. அவன் எடுத்துடக் கூடாதேன்னு தன் உடம்பால அதை அமுக்கி வச்சிருந்திருக்கா. அவன் கோபத்துல இருக்கறப்ப அதை விட்டு அவ எழுந்தது இந்த ஒரு தரம்தான், அதுவும் அவனுக்கு ஆபத்துன்னு.

அவன் முக்காலியை மெதுவா எறக்கினான், சத்தம் வராம அவ காலுக்குப் பின்னாடி வச்சான். "நான் அடிக்கலம்மா"ன்னான், பல்லில்லாத வாயில காத்துதான் வந்துச்சு. அவ உக்காரல. "அக்கா, என் துணி நாலு எடுத்து வைங்க"ன்னா. "ஏய், அத்தனை பேர் அடிச்சும் ஓங்காதவன்டி"ன்னு நான் அவனுக்காகக் கெஞ்சினேன். நான்! அவன் மூக்கை உடைச்சவ! "தெரியும்க்கா. அவங்களையெல்லாம் பொறுத்துக்கிட்டாரு. இந்த வீட்டுக்குள்ளதான் இவரால முடியல"ன்னா. போகும்போது முக்காலியையும் தூக்கிக்கிட்டா. கனமா இருக்கே குடுன்னேன், குடுக்கல.

இப்ப அவ என் வீட்டுலதான் இருக்கா. அவன் கட்டெல்லாம் பிரிச்சதும், ஊர்ல ஒவ்வொரு வீடா போய் வேற வேற அடையாளம் போட்டுக் குடுத்தான், அடிச்சவங்க வீட்டுக்கும் போனான். கடைசியா அவளுக்குன்னு ஒரு புதுப் பெட்டி கொண்டு வந்தான். உள்ள வரலாமான்னு கேக்கல, வாசல்ல இருந்தே என்கிட்ட குடுத்து எதுல சொருகணும்னு சொன்னான். பெட்டி பேச ஆரம்பிச்சுது. அவ அமுக்கி அமுக்கி நாடகத்துக்குப் போனா.

"சரியா பேசுதா?"ன்னு வாசல்ல இருந்து கேட்டான்.

"பேசுது."

"நீ சௌகரியமா இருக்கியா?"ன்னான்.

"முக்காலி மேலதான் உக்காந்திருக்கேன்"னா அவ.

அவன் ரெண்டு கையையும் பெல்ட்டுக்குள்ள சொருகிக்கிட்டு கடைக்குத் திரும்பிப் போனான்.